ரோசியை யாரிடம் ஒப்படைப்பது

போன கிழமை, புதிதாக எங்கள் அமைப்பில் வேலைக்குச் சேர்ந்த உங்கள் அறிமுகக் கூட்டத்துக்கு வந்திருந்தேன். உங்களில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "அன்ரி, எமேர்ஜென்சி எண்டு வந்தா ஃபெர்ஸ்ட் என்ன செய்யவேணும்?" யார் யாருக்கு ரெலிபோன் எடுக்க வேண்டும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது ஒரு பதிலே இல்லை என்று உறைத்தது. அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை இருக்க விடவில்லை. வேலை முறைகளை நீங்கள் கோப்புகளில் படித்துக்கொள்வீர்கள். கோப்பில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அதை நடந்தபடிதான் சொல்ல எனக்கு வரும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோ டவுன்ரவுனில், நகரத்தின் நடுவே, பெரிய வைத்தியசாலைகளுக்கு நடந்துபோகும் தூரத்தில், எங்கள் அமைப்புக்கு ஒரு பழைய செங்கல் வீடு இருந்தது. மாகாணத்தின் வடக்கே றோட்டே போகாத ஊர்கள் உண்டு. சின்ன விமானத்தில்தான் போகலாம். அந்த ஊர்களிலிருந்து சிகிச்சைக்கு வரும் முதற்குடிப் பிள்ளைகள், இந்த மண்ணின் பூர்வீகக் குடிகளின் பிள்ளைகள், எங்கள் வீட்டில் தங்குவார்கள். கூடவே தாயோ தகப்பனோ சின்னம்மாவோ யாராவது ஒருவர் இருப்பார். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யாழ்ப்பாணத்தில் தாதியாக இருந்தவள் நான். இங்கே அந்தப் படிப்புச் செல்லாது என்றார்கள். ஆனால் காய்ச்சல்காரப் பிள்ளையை எப்படித் தூக்குவது என்று எனக்குத் தெரியும் என்பதற்காகவே இந்த வேலையைத் தந்தார்கள்.

எங்கள் பணிப்பாளர் சபையில் டொக்டர்மார், சட்டத்தரணிகள், வர்த்தகர்கள் இருந்தார்கள். நல்ல மனிதர்கள். வடக்குப் பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று மணிக்கணக்காக விவாதிப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் ஆட்கள் ஒருவரும் அந்த மேசையில் இருந்ததில்லை. ஊர்ச்சபைகள் பல வருடங்கள் கேட்டுக் கேட்டு, கடைசியில் சில முதற்குடி உறுப்பினர்களைச் சேர்த்தார்கள். அவர்களில் ஒருவர் தலைவரானார்.

அவர் ஹூரோன் ஏரிக்கரையைச் சேர்ந்த, அனிஷினாபே என்ற முதற்குடி இனத்துப் பெண். என்னைவிட இளையவர். ஆறுதலாக, ஆழமாகப் பேசும் ஒருவரை எதிர்பார்த்திருந்த சிலர் அவரைக் கண்டு ஏமாந்துபோனார்கள். இவர் சத்தமாகச் சிரிப்பார். சூரியகாந்தி விதை கடித்துக்கொண்டே கதைப்பார். கோதுகளைக் கோப்பிக் குவளைக்குள் துப்புவார். கூட்டங்களில் கதிரையில் இருக்கமாட்டார், மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருப்பார். சபையில் பாதிப்பேர் அவரை வடிவுக்கு வைத்திருக்கிற ஆளாக நினைத்தார்கள். பத்திரிகைப் படத்துக்கு அவர் நடுவில் நிற்பார், முடிவுகளை மற்றவர்கள் எடுப்பார்கள் என்பது அவர்களுடைய கணக்கு.

அவர் தலைவராக இருந்த ஒரு மாசி மாதம் எங்கள் வீட்டில் ரோசி இருந்தாள். இது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. கிறீ என்ற இன்னொரு முதற்குடி இனத்துப் பிள்ளை, பத்துப் பதினொரு வயது. சிறுநீரகம் பழுதாகி, டயலிசிஸுக்காகக் கிழமையில் பல தடவை வைத்தியசாலைக்குப் போய்வர வேண்டும். தாய் நிறைமாதக் கர்ப்பிணி, விமானத்தில் ஏற்றமாட்டார்கள். தகப்பன் தாயோடு நின்றார். அதனால் சின்னம்மா கூட வந்திருந்தா. திடீரென்று சின்னம்மாவின் கைக்குழந்தைக்கு நெஞ்சுச்சளி பிடித்து, மோசமாகிவிட்டது என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. அவ அழுதுகொண்டே கிடைத்த விமானத்தில் ஏறிப் போனா. அவவுக்குப் பதிலாக இன்னொருவர் வருவதாக ஏற்பாடு. ஆனால் அன்று பின்னேரமே வடக்கில் பனிப்புயல் இறங்கி, ஓடுபாதையை மூடிவிட்டது.

வைத்தியசாலையின் சமூகப் பணியாளர் ரெலிபோன் எடுத்தார். பொறுப்பான ஒரு பெரியவர் இல்லாமல் ஒரு பிள்ளை சிகிச்சையில் இருக்கக் கூடாது; நாளை மத்தியானத்துக்குள் ஒருவர் வராவிட்டால் சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டியது தன் கடமை என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போதே இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார்.

அறிவித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நகரத்தில் எங்கேயோ முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் ரோசியைக் கொண்டுபோய் விடுவார்கள். தற்காலிகம் என்பார்கள். இந்த நாட்டில் முதற்குடிப் பிள்ளைகளைத் தாய்மடியிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளுக்கும் அந்நிய வீடுகளுக்கும் கொண்டுபோன கதை நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அப்போது அதை ஒருவரும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கவில்லை. எங்கள் வீட்டுக் குசினியில் சமைத்தபடி தாய்மார் என்னிடம் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

சபையின் உபதலைவராக இருந்த சட்டத்தரணி செய்தி அறிந்து உடனே என்னை ரெலிபோனில் கூப்பிட்டார். நாங்களே முந்திக்கொண்டு அறிவிப்போம், பிள்ளைக்கு ஏதும் நடந்தால் வீட்டையே மூட வேண்டிவரும் என்றார். ரோசி கீழே தொலைக்காட்சியில் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்னம்மா போய்ச் சேர்ந்திட்டாவா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று இரவுப் பணியாளரிடம் ரோசியை விட்டு வீட்டுக்குப் போனதும் கோட்டைக் கழற்றாமலே என் கணவரிடம் சொன்னேன். நாங்கள் அப்போது மோர்னிங்சைட்டில் ஒரு அப்பார்ட்மென்ற்றில் இருந்தோம். அவருக்கு ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரான பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில், சரக்குக் களஞ்சியத்தில், வேலை.

"இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளையை நாங்கள் கூட்டிக்கொண்டு வந்து வைச்சிருந்தா என்ன?"

அவர் யோசிக்கவே இல்லை. "கொண்டு வாருமப்பா. எங்கடை ரெண்டு பிள்ளையளோடை மூண்டாவதா அது படுக்கட்டும். ஆசுப்பத்திரிக்கு நான் ஏத்தி இறக்கிறன்."

எனக்கு நெஞ்சு இலேசானது. நானும் ஊரை விட்டு ஓடிவந்தவள், தாயைப் பிரிந்த பிள்ளையின் கஷ்டம் எனக்குத் தெரியாதா? விடியவே வேலைக்கு ஓடினேன். தலைவர் ஏற்கெனவே வந்து, ஒரு காதில் ரெலிபோனோடு மண்டபத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் விழுந்த மாதிரியே எங்கள் பேச்சில் தருகிறேன்.

என் யோசனையைச் சொன்னேன். அவர் நடப்பதை நிறுத்தினார்.

"வேண்டாம்" என்றார்.

"ஏன்? எங்கடை வீட்டிலை ஒரு குறையும் வராது."

"அதிலை எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு ஒரு அண்ணன் இருந்தவன். நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்கை அவனை அரசாங்க ஆக்கள் காரிலை ஏத்திக்கொண்டு போனவை. நல்ல வீடு, நல்ல ஆக்கள், ஒரு குறையும் வராது எண்டுதான் அம்மாவுக்குச் சொன்னவை. அவன் இப்ப எங்கை எண்டு எனக்குத் தெரியாது."

முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. என்னை அந்த ஆட்களோடு சேர்த்துவிட்டாரே என்று கோபம் வந்தது. கோபத்தில் கேட்டேன்: "அப்ப நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கோ. நீங்கள்தானே தலைவர்? நீங்களும் ரோசியின்ரை ஆக்கள்தானே?"

அவர் சிரித்துவிட்டார். "அவை கிறீ, நான் அனிஷினாபே. ஒரு நாட்டிலை இருக்கிறதாலை எல்லாரும் ஒரே ஆக்களோ? இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேணுமோ?"

ஒரே நாடு என்பதற்காக எங்களையும் சிங்களவரையும் ஒரே ஆட்கள் என்றால் ஒரு ஈழத்தமிழச்சி ஒப்புவாளா?

"அவளுக்குத் தாய் இருக்கிறா, தகப்பன் இருக்கிறார், ஊர் இருக்குது, ஊருக்கு ஒரு சபை இருக்குது" என்றார். "அவையைக் கேட்காமல் நானும் முடிவெடுக்க ஏலாது, நீங்களும் ஏலாது, எங்கடை சட்டத்தரணி ஐயாவும் ஏலாது. லைன் கிடைக்கும் வரைக்கும் நம்பரைச் சுழட்டுவம்."

சுழற்றினோம். புயலில் அந்தப் பக்கத்து லைன் விட்டுவிட்டுத்தான் வேலை செய்தது. ஒருமுறை மணி அடித்து, யாரோ ஹலோ சொல்ல, அறுந்துபோனது. இன்னொரு முறை கிடைத்தது. ஊர்ச்சபை ஆட்கள் எல்லோரும் ஓடுபாதையில் பனி தள்ளப் போயிருக்கிறார்கள் என்றார் அவர்களுடைய அலுவலகத்துப் பெண். இதற்கிடையில் சமூகப் பணியாளர் கூப்பிட்டார். எங்கள் பணிப்பாளர் சபையிலிருந்த டொக்டர் ஒருவர் கூப்பிட்டார். சட்டத்தரணி நேரிலேயே வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கம்பளத்தில் பனி சொட்டச் சொட்ட நின்றார்.

"நீங்கள் ஒரு சாப்பாட்டுக்கடை நடத்தேல்லை. ஒரு பிள்ளையின்ரை உயிரை வைச்சு விளையாடுறீங்கள். மத்தியானம் கழிச்சு அவளுக்கு ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு?" என்று தலைவரைக் கேட்டார்.

"நான்தான்" என்றார் தலைவர். "கோப்பி குடிக்கிறீங்களோ?"

நான் குசினிக்கும் வாசலுக்குமாக அலைந்தேன். ஏற்கெனவே கழுவிய பீங்கான்களைத் திரும்பக் கழுவினேன். ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதைப்போல வதை வேறில்லை. ஏதாவது செய், யாரையாவது கூப்பிடு, பிள்ளையைக் காரில் ஏற்று என்று உடம்பு முழுக்கக் கத்தியது. அப்படிக் கத்தும்போது செய்வதுதான் சரியானது என்று எங்களுக்குத் தோன்றும். நல்லெண்ணம் இருந்தால் இன்னும் கூடுதலாகத் தோன்றும்.

கடைசியில் ஊரிலிருந்தே அழைப்பு வந்தது. ஊர்ச்சபை கூடியிருந்தது. தாயையும் பனி வாகனத்தில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். முதலில் ரோசியோடு கதைக்க வேண்டும் என்றார்கள். அவள் இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் கதைத்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது: எங்கள் வீட்டில் இருந்த அத்தனை நாளும் அவள் அவ்வளவு சத்தமாகக் கதைத்ததை நான் கேட்டதில்லை.

பிறகு ஊர்த்தலைவர் எங்களோடு பேசினார். தாயின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் ரொறன்ரோப் பக்கம் இருக்கிறார், பெயர் ஜோன். ரோசிக்கு மாமன் முறை. தாய்க்குச் சம்மதம், ரோசிக்கும் சம்மதம், ஊர்ச்சபையும் அவரையே பொறுப்பாக நியமிக்கிறது, தீர்மானத்தை ஃபாக்ஸில் அனுப்புகிறோம் என்றார்.

"நல்லது. அவரின்ரை நம்பரைத் தாங்கோ" என்றார் தலைவர்.

நம்பர் இல்லை. ஜோன் ஊருக்கு வந்து பல வருடம். பிறம்ரனில், விமான நிலையத்துக்குக் கிட்ட, ஒரு வெயர்ஹவுஸில் லொறிக்குச் சாமான் ஏற்றுகிறார் என்று யாரோ கண்டு சொன்னதுதான்.

சட்டத்தரணி கையை விரித்தார். பிறம்ரனில் வெயர்ஹவுஸ் எத்தனை என்று யாருக்குத் தெரியும்? எனக்கோ அந்தச் சொல் காதில் விழுந்த உடனேயே கை ரெலிபோனுக்குப் போய்விட்டது. என் கணவரை வேலையிடத்தில் பிடித்தேன்.

"ஜோன் எண்டு ஒரு ஆள். வடக்கிலையிருந்து வந்தவர், கிறீ ஆள். உங்கை எங்கையோதான் லோடிங்கிலை நிக்கிறாராம். தேடிப் பிடியுங்கோ, இப்பவே."

"உந்தப் பனிக்குள்ளையோ? சுப்பவைசர் என்னைத் திண்டுபோடுவான்."

"பிள்ளையைக் கொண்டுபோகப் போறாங்களப்பா."

"சரி, வையும். போறன்" என்றார்.

ஒவ்வொரு லோடிங் வாசலாகப் போய் விசாரித்திருக்கிறார். எல்லா இடத்திலும் எங்கள் தமிழ்ப் பெடியங்கள் இருந்தார்கள், ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குச் செய்தி போனது. ஆனால் அது எங்களுக்கு உடனே தெரியவில்லை. மத்தியானம் கழிந்தது, சமூகப் பணியாளர் சொன்னபடியே அறிவித்துவிட்டார். சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்துவிட்டார். இளம் பெண், கையில் பிள்ளைகளுக்கான கார் போர்வையோடு வந்திருந்தார். பிள்ளையைக் கூட்டிப்போகத் தனக்கு அதிகாரம் இருக்கிறது என்று அமைதியாகச் சொன்னார். ரோசி மாடிப்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் கதவை மறிப்பார், சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். நானாயிருந்தால் மறித்திருப்பேன். அவர் ஃபாக்ஸில் வந்த ஊர்ச்சபைத் தீர்மானத்தைக் காட்டினார். அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "பொறுப்பான ஆள் இஞ்சை இல்லையே?" என்றார்.

"றோட்டிலை வந்துகொண்டிருக்கிறார்" என்றார் தலைவர். அது அப்போது உண்மையா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பிறகு ரெலிபோனைச் சுழற்றி, லைன் கிடைத்ததும் ரிசீவரை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். "நீங்கள் கொண்டுபோறதெண்டா என்னைக் கேட்டுப் பிரயோசனமில்லை. இது பிள்ளையின்ரை அம்மா. அவவுக்குச் சொல்லிப்போட்டுக் கொண்டுபோங்கோ."

அந்தப் பெண் ரிசீவரை வாங்கினார். மறுபக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்றார். இடையில் "ஓம்" என்றும் "விளங்குது" என்றும் சொன்னார். தாய் என்ன சொன்னா என்று அவர் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ரிசீவரை வைத்தார். கோட்டைக் கழற்றிக் கதிரை முதுகில் போட்டுவிட்டு அதிலேயே இருந்தார்.

"இருட்டும் வரைக்கும் பாக்கிறன்" என்றார். "கோப்பி இருக்கோ?"

ஜோன் வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. என் கணவரின் கார் வாசலில் நின்றது. வேலைச் சப்பாத்தும் ஒளிரும் மேலங்கியுமாக ஒரு பெரிய மனிதர் இறங்கி, படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். வழி முழுக்கத் தன்னால் ஏலாது என்றே சொல்லிக்கொண்டு வந்தாராம். தனி ஆள், நிலவறை அறையில் குடியிருப்பு, பிள்ளை வளர்த்த பழக்கம் இல்லை. தலைவர் வெளியே போய் அவரோடு பனிக்குள் நின்றார்.

"உங்களைத் தெரிஞ்செடுத்தது நானில்லை, உங்கடை ஊர்" என்று அவர் சொன்னது கதவிடுக்கால் கேட்டது. "ஏலாது எண்டா அவைக்குத்தான் சொல்லவேணும். ஆனா இந்த வீட்டிலையே தங்கலாம், சமையல் நாங்கள். அவளோடை ஆசுப்பத்திரிக்குப் போய்வந்தாப் போதும்."

ஜோன் உள்ளே வந்தார். ரோசியின் முன்னால் குனிந்து, தயங்கித் தயங்கிக் கிறீயில் ஏதோ சொன்னார். ரோசி புருவத்தைச் சுருக்கினாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் எதையோ பிழையாகச் சொல்லியிருக்க வேண்டும். அவள் அதைத் திருத்தி, ரீச்சர் மாதிரி மெல்ல மெல்லச் சொல்லிக்கொடுத்தாள். அவர் திரும்பச் சொன்னார். சிறுவர் பாதுகாப்பு அலுவலகப் பெண் எழுந்து போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சப்பாத்தைப் போடத் தொடங்கினார்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். எங்கள் பணிப்பாளர் சபையின் அடுத்த கூட்டத்தில் சட்டத்தரணி தலைவருக்கு எதிராக ஒரு கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். நான் குறிப்பெடுக்கும் கதிரையில் இருந்தேன். அவர் சொன்னதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: புயல் இன்னும் இரண்டு நாள் நீடித்திருந்தால்? ஜோன் அகப்படாமல் போயிருந்தால்? அவர் குடிகாரனாக இருந்திருந்தால்? இவை நியாயமான கேள்விகள். இன்றைக்கும் அவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு நாள் நல்லபடி முடிந்ததை வைத்து அந்த வழி எப்போதும் சரிவரும் என்று உங்களுக்குச் சொல்ல நான் வரவில்லை.

தலைவர் தன்னைக் காத்துப் பேசவில்லை. மேசையைச் சுற்றி நடந்தபடி தன்னுடைய தீர்மானத்தை வைத்தார். இனி சபையின் பெரும்பான்மை இடங்கள் இந்தப் பிள்ளைகளின் ஊர்களுக்கு. எந்தப் பிள்ளையைப் பற்றிய முடிவானாலும் முதலில் கேட்கப்படுவது அந்தப் பிள்ளையின் ஆட்கள். "இந்த முறை நான் இருந்ததாலை கேட்டம். நாளைக்கு நான் இல்லாட்டியும் கேட்கவேணும்" என்றார். "நல்ல தலைவரிலை தங்கியிருக்கிற வீடு நல்ல வீடு இல்லை."

வாக்குவாதம் நீண்டது. எதிர்ப்பார் என்று நினைத்த டொக்டர் ஆதரித்தார், ஆதரிப்பார் என்று நினைத்த ஒருவர் எழுந்து போய்விட்டார். கண்டனம் தோற்று, தலைவரின் தீர்மானம் மயிரிழையில் நிறைவேறியது. சட்டத்தரணி அன்றே விலகினார். வாசலில் என் கையைப் பிடித்து, "பிள்ளையைக் கவனமாகப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவரோடு வேறு சிலரும் போனார்கள், அவர்களால் வந்த நன்கொடையும் நின்றது. அந்த வருடம் கூரை ஒழுகியது, ஒழுகியபடியே சமாளித்தோம்.

உங்களில் பலர் நல்ல மனதோடு இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். எங்கள் சனத்துக்கு நடந்ததை வைத்து அடுத்தவரின் வலி எங்களுக்குத் தெரியும் என்று நினைப்போம். கொஞ்சம் தெரியும்தான். ஆனால் வலி தெரிந்தவர் என்பதால் முடிவெடுக்கும் உரிமை கைக்கு வந்துவிடாது. பதற்றம் ஏறும்போது நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, இது யாருடைய முடிவு என்பதை. கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னதை நடத்தி முடிக்க ஓட வேண்டிய ஓட்டம் எல்லாம் ஓடுங்கள். என் கணவர் ஓடியது போல.

சித்திரையில் ரோசியின் தாய் புதுக் குழந்தையோடு வந்தா. ஊரிலேயே சிகிச்சை செய்ய ஒரு வழியை வைத்தியசாலையும் ஊர்ச்சபையும் சேர்ந்து ஏற்பாடு செய்தன. பனி முழுக்கக் கரைந்த பிறகு அவர்கள் புறப்பட்டார்கள். ஜோனும் கூடப் போனார். ஒரு கிழமைக்கு என்று சொல்லித்தான் போனார். திரும்பி வரவில்லை.

விமான நிலையத்துக்கு நானும் தலைவரும் போயிருந்தோம். நான் ரோசிக்கு ஒரு ஊதா நிறத் தொப்பி பின்னிக் கொடுத்திருந்தேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு, தம்பிக் குழந்தையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாமனோடு ஏதோ கதைத்தபடி வாசலுக்குள் போனாள். திரும்பி ஒருமுறை கையசைப்பாள் என்று நான் கையை அரைவாசி தூக்கியபடி நின்றேன். அவள் திரும்பவே இல்லை.

தலைவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தூக்கியிருந்த என் கையைப் பிடித்து, தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"சந்தோஷப்படுங்கோ" என்றார். "வீட்டை போற பிள்ளை இப்பிடித்தான் போகும்."